சாயங்கால வட்டம்

மீன்வளத்துறைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், படி முடிகிற இடத்திலேயே எங்கள் அறை இருக்கிறது. வாசலில் 'கண்காணிப்பு அறை' என்று பலகை தொங்கும். பெயரைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். உள்ளே இரண்டு மேசை, தலையாட்டிக்கொண்டே கிறீச்சிடும் ஒரு ஃபேன், ஒரு வயர்லெஸ் பெட்டி, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை. திரையில் கடல். அந்தக் கடலில் அலை கிடையாது, உப்பு கிடையாது, வாடையும் கிடையாது. வெறும் நீலம், அதன்மேல் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு படகு. எல்லாப் படகிலும் அரசாங்கம் ஒரு கருவியைப் பொருத்தியிருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தான் இருக்கும் இடத்தை மேலே செயற்கைக்கோளிடம் சொல்லும். செயற்கைக்கோள் அதைக் கேட்டு எங்களிடம் போட்டுக்கொடுத்துவிடும்.

அந்தப் புள்ளிகளில் ஒன்று என் வீட்டுக்காரர் ஓட்டும் படகு.

திரையின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு வளைந்து போகும். கோட்டுக்கு உள்ளே இருப்பது பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே மீன் பிடிக்கக் கூடாது, நங்கூரம் போடக் கூடாது. நேராக வேகமாகக் கடந்து போகிறவரை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வேகத்தை ரொம்பக் குறைத்தாலோ சுற்றினாலோதான் வம்பு. 'இவன் வலை விரிக்கிறான்' என்று இயந்திரம் தானாகவே முடிவு செய்து மணி அடித்துவிடும். அடித்தால் அடித்ததுதான். அந்தச் செய்தி எங்களைக் கேட்காமலே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். படகை ஒரு வருடத்துக்குக் கரையில் கட்டிப்போடுவார்கள், ஓட்டியவரின் உரிமமும் அதுவரை முடங்கிக் கிடக்கும்.

இந்தச் சட்டத்தை நான் திட்டப்போகிறேன் என்று நினைக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். துறைமுகத்தில் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண்கள் உண்டு. "மீனுக்குக் காவல் இருக்கிற மகராசி போறா பாரு" என்று என் காதுபடவே சொல்வார்கள். போகட்டும். ஒருமுறை அலுவலகத்தில் எங்களை எல்லாம் ரோந்துப் படகில் அந்தப் பகுதிக்கு அழைத்துப் போனார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு. கீழே கடல்புல் பச்சைப் பசேலென்று ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நடுநடுவே வகிடு எடுத்ததுபோல் வெறும் மணல் தெரிந்தது. நங்கூரம் இழுத்துக்கொண்டு போன தடம் அது, மறுபடி புல் மூட வருடக்கணக்காகும் என்றார் ரோந்துக்காரர். அப்போது படகுக்குப் பக்கத்தில் ஒரு கடற்பசு மேலே வந்து, தூக்கத்தில் புரண்டு படுப்பவர் விடுகிற மாதிரி நீளமாக ஒரு மூச்சு விட்டது. அதன் அக்குளில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. "சத்தம் போடாதீங்க, பால் குடிக்குது" என்று அந்த ரோந்துக்காரப் பெரியவர் கிசுகிசுத்தார். அன்றிலிருந்து எனக்குச் சிவப்புக் கோட்டின்மேல் ஒரு மரியாதை.

என் வீட்டுக்காரரின்மேல் எனக்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆனபிறகு இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து இருந்தது ரொம்பக் கொஞ்சம். போனால் இரண்டு வாரம் கடல். வந்தால் மூன்று நாள் வீடு. அதில் ஒரு நாள் அவர் தூங்கியே கழிப்பார், ஒரு நாள் இன்ஜினைப் பிரித்துப்போட்டுக்கொண்டு துறைமுகத்திலேயே கிடப்பார். மிச்சமிருக்கும் ஒரு நாளில் நாங்கள் சண்டை போடுவோம். சண்டை வந்தால் அவர் எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவார். "நீங்க சொல்றதுதாங்க சரி" என்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனசு இளகிவிட்டால் மட்டும் 'டி' போடுவார். அந்த 'டி' வருவதற்குள் பெரும்பாலும் படகு கிளம்பும் நேரம் வந்துவிடும்.

கலங்கரை விளக்கம் தாண்டினால் செல்போன் செத்துப்போகும். அப்படி ஒரு தடவை அவர் கிளம்பும்போதுதான் நான் வாசலை மறித்துக்கொண்டு கேட்டேன்.

"புள்ளியைத் தொட்டா படகு நம்பர் வருது. படகு எங்க இருக்குன்னு தெரியுது. நீங்க எப்படி இருக்கீங்கன்னு எனக்கு யாரு சொல்றது? புள்ளி படகைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சாயங்காலம் நங்கூரம் போடறதுக்கு முன்னாடி ஒரு வட்டம் அடிக்கிறேன். படகு தானா வட்டம் போடாது இல்ல? அது நான். நல்லா இருக்கேன்னு அர்த்தம். போதுமாடி?"

அன்று சாயங்காலம் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் வரவில்லை. மறுநாளும் இல்லை. அந்த இரண்டு வாரமும் நான் இருந்த இருப்பை யாரிடமும் சொல்ல முடியாது. அவர் வந்து இறங்கியதும் பையைக்கூட வாங்காமல் பிடித்துக்கொண்டேன். "தினம் அடிச்சேனே!" என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் புரிந்தது. கருவி விட்டுவிட்டுத்தான் பேசும். இவர் அவசரமாக அடித்த சின்ன வட்டம் இரண்டு பேச்சுக்கு நடுவில் விழுந்து காணாமல் போயிருக்கிறது. அடுத்த முறையிலிருந்து மெதுவாக, பெரிதாக அடித்தார். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்து ஒரு வட்டமாகச் சேரும். காற்று அடிக்கும் நாளில் அது உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அந்த உருளைக்கிழங்கைப் பார்த்தபிறகுதான் நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவேன்.

அவருக்குத்தான் கொஞ்சம் சங்கடம். பக்கத்துப் படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸில், "என்னண்ணே, தினம் இந்நேரத்துக்குக் கிறுகிறுன்னு வருதா?" என்று ஓட்டுவார்களாம். அதனால் வட்டம் அடிக்கும் நேரம் மட்டும் வயர்லெஸ்ஸை அணைத்துவிடுவார். அவர் வழக்கமாக நங்கூரம் போடுகிற இடம் சிவப்புக் கோட்டுக்கு வெளியே, ஆழம் குறைந்த, அலை அடங்கிய ஓர் இடம். அங்கே தண்ணீர் தொட்டில் மாதிரி ஆடும் என்பார். நாலைந்து படகுகள்தான் அங்கே வரும், எல்லாம் தள்ளித் தள்ளி நிற்கும். வட்டம் அடிக்க நிறைய இடம்.

அரசாங்க உத்தரவு ஒன்று பல வருடம் தூங்கும். எழுந்துவிட்டால் தலைதெறிக்க ஓடிவரும். போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் அப்படித்தான் வந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், மறுநாள் காலையிலிருந்தே அமல். கடல்புல் வெளிப்பக்கமும் பரவியிருக்கிறதாம், மீன்கள் அங்கேயும் முட்டையிடுகின்றனவாம். இனி அந்தப் பக்கம் தங்குகிற படகுகள் தீவுக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே வரிசையாக மிதவைகள் போட்டிருக்கிறார்கள். அதில் கயிற்றைக் கட்டிக்கொண்டால் நங்கூரமே தேவையில்லை, புல்லுக்கும் சேதமில்லை.

புதிய எல்லையின் மூலைகளை ஒவ்வொன்றாகத் திரையில் ஏற்றியது நான்தான். கடைசி மூலையை ஏற்றினேன். கோடு சுற்றி வந்து முதல் மூலையோடு சேர்ந்துகொண்டது. அப்போதுதான் பார்த்தேன். அவருடைய தொட்டில் கோட்டுக்கு உள்ளே இருந்தது. உடனே வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தேன், அவர் எடுக்கவில்லை. அவர் கிளம்பிப் போய் ஐந்தாறு நாள் ஆகியிருந்தது, உத்தரவைப் பற்றி ஒன்றும் தெரியாமல்.

எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மேற்படி. எதைச் சொன்னாலும் அந்த வார்த்தை இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது. ஒருநாள் சாப்பாட்டு டப்பா தொலைந்தபோதுகூட, "மேற்படி டப்பாவை யாராவது பார்த்தீங்களா?" என்றுதான் கேட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் காகிதத்தோடு வாழ்ந்து வாழ்ந்து பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் வயர்லெஸ் முன் உட்கார்ந்து அறிவிப்பை அவர்தான் வாசித்தார்.

"மேற்படி ஆணையின் இணைப்பில் கண்டுள்ள அட்சரேகை தீர்க்கரேகைகளுக்கு உட்பட்ட பரப்பில், மேற்படி நாள் முதற்கொண்டு..."

எனக்கே பாதியில் கொட்டாவி வந்தது. கடலில் இருப்பவர்களுக்குக் கரையிலிருந்து வரும் இந்த மாதிரி வாசிப்பெல்லாம் காற்றுச் சத்தம் மாதிரி. காதில் விழும், உள்ளே போகாது. அவரும் அந்நேரம் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு இருந்திருப்பார்.

"ஐயா, இதை யாருக்கும் புரியற மாதிரி சொல்லலாமே" என்றேன்.

"மூணு தடவை வாசிச்சாச்சும்மா. கேக்கவேண்டியது அவங்க பொறுப்பு."

"என் வீட்டுக்காரர் படகு அங்கதான் ஐயா தினம் தங்கும்."

"மேற்படி படகை மட்டும் வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா?" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பகல் முழுக்க வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் தூரக் கடலுக்குப் போய்விட்டிருந்தார், எங்கள் பெட்டிக்கு அவ்வளவு தூரம் எட்டாது. திரையின் ஓரத்தில் அவருடைய புள்ளி மட்டும் நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன். மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து மேசைமேல் விழுந்தபோது, புள்ளி திரும்பி வர ஆரம்பித்தது. நேராகத் தொட்டிலைப் பார்த்து.

மறுபடி வயர்லெஸ்ஸை எடுத்தேன். படகு நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டேன், இன்னொரு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. பக்கத்துப் படகுகள் இன்னும் வந்து சேரவில்லை. இவர் பெட்டியை அணைத்திருப்பார். கிண்டலுக்குப் பயந்து, எனக்கு வட்டம் போடுவதற்காக அணைத்திருப்பார். புள்ளி சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. மணி அடிக்கவில்லை, ஏனென்றால் வேகமாக வந்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச தூரம்தான். அப்புறம் வேகத்தைக் குறைப்பார். மெதுவாக, பெரிதாக ஒரு வட்டம் அடிப்பார். வலை விரிப்பவன் அடிக்கிற வட்டத்துக்கும் அதற்கும் இயந்திரத்தின் கண்ணில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை.

கோட்டின் மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. ரோந்துப் படகு. கூப்பிட்டுச் சொன்னால் போய்த் தடுத்துவிடுவார்கள். வயர்லெஸ்ஸில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு வருடம் என்ற நினைப்பு வந்தது.

படகைக் கட்டிப்போட்டால் ஒரு வருடம் அவர் வீட்டில் இருப்பார். சாயங்காலம் நான் வீட்டுப் படியேறிப் போகும்போது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆணியில் அவர் சட்டை தொங்கும், காலையிலும் தொங்கும். சாப்பிடும்போது எதிரில் ஒரு தட்டு இருக்கும். சம்பளம் என்னுடையது போதும், இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். இதற்காக நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சட்டப்படி அறிவிப்பு கொடுத்தாகிவிட்டது. யாரும் என்னைக் கேட்க முடியாது. ஆசை என்னைப் பிடித்து உலுக்கியது. பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே உலுக்கியது.

ஆனால் அவரைக் கரையில் எனக்குத் தெரியும். மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாப் படகும் கட்டிக் கிடக்கும்போது அவர் வீட்டில்தான் இருப்பார். முதல் வாரம் தேன் மாதிரி போகும். இரண்டாவது வாரம் ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டுவார். மூன்றாவது வாரம், விடிவதற்குள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார். "என்னங்க யோசனை?" என்றால் "ஒண்ணுமில்லையே" என்பார். பேருந்து நிலையத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மாதிரி வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். தூரத்தில் இருக்கிறவருக்காக ஏங்குவது எனக்குப் பழகிப்போயிற்று. பக்கத்தில் படுத்திருப்பவருக்காக ஏங்குவதுதான் தாங்காது.

அந்த இடத்தில் புல்லும் இருந்தது. எங்கேயோ அந்தக் குட்டியும் இருக்கும். அதன் தலைமேல் எனக்காக ஒரு நங்கூரம் போய் இறங்க வேண்டுமா?

வயர்லெஸ்ஸை அழுத்தினேன்.

"ரோந்துப் படகு, கண்காணிப்பு அறையிலேர்ந்து பேசறேன்."

"சொல்லுங்கம்மா." கரகரத்த குரல். குட்டி பால் குடிக்கிறது என்று சொன்ன அதே பெரியவர்.

"உங்களுக்கு இடது பக்கம் ஒரு படகு உள்ள வருது, தெரியுதா?"

"தெரியுதே. நல்ல வேகத்துலதான் வருது. கடந்து போறவன்போல."

"கடந்து போகமாட்டார். இப்போ வேகத்தைக் குறைப்பார், அப்புறம் பெருசா ஒரு வட்டம் அடிப்பார், அப்புறம் நங்கூரம் போடுவார். அதுக்குள்ள தடுத்துடுங்க."

"வட்டமா? எதுக்கும்மா வட்டம்?"

அறையில் மேற்படி எழுந்து நின்றுவிட்டார். வயர்லெஸ்ஸில் பேசுவது கடலில் பெட்டி திறந்திருக்கும் எல்லாப் படகுக்கும் கேட்கும். எனக்குத் தெரியாதா என்ன?

"எனக்காக" என்றேன்.

"என்னம்மா? சரியா கேக்கல."

"எனக்காகங்க! அது என் வீட்டுக்காரர். நல்லா இருக்கேன்னு எனக்குத் தெரியறதுக்காக தினம் அடிக்கிற வட்டம்."

எங்கேயோ ஒரு படகிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்து அடங்கியது. ரோந்துக்காரர் சிரிக்கவில்லை. இன்ஜின் உறுமும் சத்தம் கேட்டது. அவர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஒலிபெருக்கியை எடுத்திருக்க வேண்டும், காற்றுக்கு நடுவில் அவர் போட்ட சத்தமெல்லாம் என் காதுக்கு வந்தது.

"ஏ தம்பி! இது இன்னைக்குலேர்ந்து தடைப்பகுதி! நிக்காத! சுத்தாத! நேரா வெளிய போ!"

திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் வேகத்தைக் காட்டும் எண் இறங்கத் தொடங்கியிருந்தது.

"நேத்துகூட இங்கதான் தங்கினேன்ங்கிறார்" என்றார் ரோந்துக்காரர் என்னிடம்.

"கோடு மாறிடுச்சுன்னு சொல்லுங்க. தீவுக்குப் பின்னாடி போய் மிதவையில கட்டச் சொல்லுங்க."

அதுவும் ஒலிபெருக்கியில் போயிற்று. எண் இன்னும் இறங்கியது.

"சரி, போறேன்ங்கிறார். அங்க நெருக்கமா கட்டியிருப்பாங்களாம், வட்டம் அடிக்க இடம் இருக்காதாம். இங்க ஒரே ஒரு வட்டம் அடிச்சிட்டுப் போயிடறேன்ங்கிறார்."

"ஐயோ, வேண்டாம்னு சொல்லுங்க! வட்டம் வேண்டாம்!"

"வட்டம் வேண்டாமாம்!" கடல் முழுக்கக் கேட்கும்படி அந்தக் குரல் போயிற்று. "வீட்ல சொல்றாங்க!"

தினம் எதற்காகக் காத்துக்கிடந்தேனோ அதை என் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

"அம்மா" என்றார் ரோந்துக்காரர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அவர் ஒண்ணு கேக்கறார்."

"என்ன கேக்கறார்?"

"'அப்போ நான் நல்லா இருக்கேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?'னு கேக்கறார்."

மேற்படி மெதுவாக என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேற்படி கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லும்மா. வேகம் குறையுது."

"தெரியும்னு சொல்லுங்க" என்றேன்.

பொய்தான். வேறு என்ன சொல்வது?

"தெரியுமாம்!" என்று ஒலிபெருக்கி கத்தியது. "அவங்களுக்குத் தெரியுமாம்! நீ கிளம்பு!"

எண் அப்படியே நின்றது. கருவியின் அடுத்த பேச்சுக்கு நாங்கள் இருவரும் காத்து நின்றோம். பிறகு அது ஏறத் தொடங்கியது. புள்ளி வளையவில்லை, சுற்றவில்லை. கோடு போட்டதுபோல் நேராகப் போய்ச் சிவப்பு எல்லையைத் தாண்டி வெளியேறியது. மணி அடிக்கவில்லை. மேற்படி நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். மறுநாள் விடியற்காலையில் அறிவிப்பை அவரே திரும்பவும் வாசித்தார், எல்லோருக்கும் தெளிவாகப் புரிய வேண்டும் என்பதற்காக இன்னும் இரண்டு மேற்படி சேர்த்து.

அதற்குப் பிறகுதான் தீவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் எல்லாப் படகும் அங்கே வந்து மிதவைகளில் நெருங்கி நெருங்கிக் கட்டிக்கொள்ளும். திரையில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே பச்சைக் கறையாகிவிடும். அந்தக் கறையைத் தொட்டால் முதலில் யாருடைய நம்பரோ வரும். நாலைந்து முறை தொட்டால் அவருடையதும் வரும். படகு இருந்தது. கட்டப்பட்டிருந்தது. ஆள் எப்படி இருக்கிறார் என்று அந்தக் கறை சொல்லவில்லை.

கடல்புல் இருக்கும் இடம் மட்டும் சுத்தமாக, ஒரு புள்ளிகூட இல்லாமல், நீலமாக இருந்தது. அரசாங்கம் கேட்டது அதைத்தான். நான் கோடு போட்டதும் அதற்காகத்தான். அந்த வெற்று நீலத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும், பாதி சந்தோஷமும் பட்டேன். மிச்சப் பாதி அங்கே வட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தது. வராது என்று தெரியும். வேண்டாம் என்று சொன்னதும் நானேதான். ஆனாலும் வெயில் மேசைமேல் விழுந்ததும் கண் தானாக அங்கே போய்விடும். வேலை நேரம் முடிந்தபிறகும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான், தடைக்காலத்தில் அவர் வீட்டில் உட்காருகிற மாதிரியே நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது.

நாலைந்து நாள் கழிந்திருக்கும். அன்று ஃபேனை நிறுத்திவிட்டு, கதவுப் பக்கம் போய்விட்டேன். வயர்லெஸ் கரகரத்தது.

"கண்காணிப்பு அறை, ரோந்துப் படகு பேசறேன். அம்மா இருக்காங்களா?"

ஓடிவந்து எடுத்தேன். "இருக்கேன், சொல்லுங்க. யாராவது உள்ள வந்துட்டாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மிதவைப் பக்கம் ஒரு சுத்து வந்தேன். உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்தினார். நல்லா இருக்கார்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னார். அவ்வளவுதான்."

"நீங்க பார்த்தீங்களா? நல்லா இருக்காரா?"

"பார்த்தேன்மா. தாடி வளர்ந்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"என்ன சொன்னார்?"

"அதான் சொன்னேனே. நல்லா இருக்கார்னு."

"இல்லைங்க. அவர் எப்படிச் சொன்னார்?"

"எப்படின்னா? வாயாலதான் சொன்னார்."

"அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைப்பது கேட்டது. தன் படகில் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்திருப்பார். அந்தப் பெரிய குரலை, அன்று குட்டிக்காகத் தாழ்த்திய மாதிரியே தாழ்த்தி, வயர்லெஸ்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து சொன்னார்.

"'நல்லா இருக்கேன்டி.'"

அந்தக் கரகரப்புக்குள் என் வீட்டுக்காரரின் குரலை நான் கண்ணை மூடிக்கொண்டு தேடினேன்.

"சரிங்க" என்றேன், ரோந்துக்காரரிடம் இல்லை.